கோ தாவில் அறைக்கு முன் கடற்கரையைத் தேர்ந்தெடுங்கள்

தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ தாவ் தீவின் பரப்பளவு மொத்தமே 21 சதுர கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு எங்கே தங்கினால் என்ன, எல்லாம் பக்கம்தானே என்று தோன்றும். ஆனால் தீவின் நடுவே மலை எழுந்து நிற்கிறது. கிழக்குக் கரையில் உள்ள குடாக்களுக்குச் செல்லும் சாலைகள் செங்குத்தாக ஏறிச் செங்குத்தாக இறங்குகின்றன. முதுகுப்பையோடு சிக்கனமாகச் சுற்றுபவர்கள் அறை வாடகையில் ஐம்பது பாட்டோ (தாய்லாந்து நாணயம்) நூறு பாட்டோ மிச்சம் பிடிப்பதற்காக முன்பதிவுச் செயலிகளில் மணிக்கணக்கில் தேடுகிறார்கள். அப்படிப் பிடித்த மிச்சம் முழுவதும் முதல் நாள் டாக்சியிலேயே போய்விடுகிறது. இந்தத் தீவில் பணம் கரைவது கட்டிலால் அல்ல, போக்குவரத்தால் என்பதுதான் நான் திரும்பத் திரும்பக் கண்டது.

இங்கே டாக்சி என்பது பெரும்பாலும் பின்பக்கம் பெஞ்சுகள் போட்ட பிக்கப் வண்டிதான். மீட்டர் கிடையாது. ஏறும் ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்துக் கட்டணம் மாறும், இருட்டிய பிறகு கூடும். தனியாளாகப் போய் நின்றால் பாங்காக்கில் நகரைக் கடக்க ஆகும் தொகையை இரண்டு மூன்று கிலோமீட்டருக்கே கேட்பார்கள். பேரம் பேசிப் பெரிதாகக் குறைக்க முடியாது. வேறு மூன்று பேர் சேரும்வரை காத்திருப்பது ஓரளவு பலன் தரும். எனவே எங்கெல்லாம் நடந்தே போய்வர முடியும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு அறையைத் தேடுவதே நல்லது.

படகு வந்து நிற்கும் இடம் மே ஹாட். மருந்துக்கடை, ஏடிஎம், பயணச்சீட்டு அலுவலகங்கள், உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் சிறு உணவுக்கடைகள் எல்லாம் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அதற்கு வடக்கே சாய்ரீ. தீவின் மிக நீளமான மணற்கரை அது. பயணிகளில் பெரும்பாலானோர் தங்குவதும், இரவுக் கொண்டாட்டங்கள் நடப்பதும் அங்கேதான். இரண்டுக்கும் இடையே அரைமணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். தெற்கே சலோக் பான் காவ் அமைதியானது, கடலும் ஆழமற்றது. கிழக்கே தனோட், ஆவ் லுக் போன்ற குடாக்கள் தண்ணீருக்குள் பார்ப்பதற்கு மிக அழகானவை. ஆனால் அங்கே தங்கினால் மூன்று வேளையும் அந்த விடுதியின் உணவகம் சொல்லும் விலைக்குத்தான் சாப்பிட வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் மலையேறித்தான் வெளியே வர வேண்டும். முதல்முறை வருபவர்களுக்கு நான் சொல்வது சாய்ரீயின் தென்முனை. மே ஹாட்டின் மலிவான சாப்பாடும் சாய்ரீயின் மணலும் இரண்டும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகும் ஓயாத இசையிலிருந்து கொஞ்சம் தள்ளியும் இருக்கலாம். கடலைப் பார்த்த அறையைவிட, சாலைக்கு மேலே ஒரு சந்துக்குள் இருக்கும் அறை விலையிலும் தூக்கத்திலும் லாபம்.

சாய்ரீ மணலில் நடக்கும்போது ஒரு பெரிய பாறையைப் பார்க்கலாம். மன்னர் சூலாலங்கோர்ன் 1899இல் இந்தத் தீவுக்கு வந்தபோது அதில் தம் முத்திரையைப் பொறித்தார் என்பதால், உள்ளூர் மக்கள் இன்றும் அங்கே மாலையிட்டு வணங்குகிறார்கள். அதன்மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்கக் கூடாது. மன்னர் குடும்பத்தை அவமதிப்பது தாய்லாந்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பது தெரியாமலேயே பலர் இங்கே வருகிறார்கள். ஒரு காலத்தில் இந்தத் தீவே அரசியல் கைதிகளை அடைத்து வைத்த இடமாக இருந்தது. இன்று இங்கிருந்து கிளம்ப மனமில்லாமல் தங்கும் நாட்களை நீட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் அதை நம்புவது கடினம்.

பொதுப்படுக்கை அறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொந்தமாக ஒரு பூட்டு கொண்டு வாருங்கள். லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. குளிர்சாதனம் இரவில் மட்டும் ஓடுமா என்று பதிவு செய்வதற்கு முன் கேளுங்கள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். மின்விசிறி மட்டும் உள்ள மரக்குடிலை எடுத்தால் கொசுவலையில் ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். இரவில் கூரையிலிருந்து யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு ‘தொக்கே, தொக்கே’ என்று சத்தமாகக் கூப்பிடுவது போலக் கேட்டால் பயப்பட வேண்டாம். அது நீலச் சாம்பல் உடலில் செம்மஞ்சள் புள்ளிகள் கொண்ட பெரிய பல்லி. கழிப்பறைகளில் கைக்குழாய் உண்டு என்ற செய்தி நம்மவர்கள் பலருக்கு எந்த அறிவுரையையும்விட நிம்மதி தரும்.

ஆழ்கடல் நீச்சல் (ஸ்கூபா டைவிங்) கற்பதுதான் உங்கள் நோக்கம் என்றால் அறைக் கணக்கே மாறிவிடும். பயிற்சியில் சேர்பவர்களுக்குப் பல பள்ளிகள் படுக்கையை இலவசமாகவோ மிகக் குறைந்த வாடகைக்கோ தருகின்றன. எனவே பள்ளியை முடிவு செய்யாமல் ஒரு வாரத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். தொடக்கநிலைச் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் பொதுவாக மூன்று அல்லது நான்கு நாட்கள் ஆகும், 10,000 பாட்டை ஒட்டிச் செலவாகும், அதை முடித்தவர்கள் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். நீந்தத் தெரிய வேண்டும்: 200 மீட்டர் தூரம் நிற்காமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். 200 மீட்டருக்கு நேரக் கணக்கு கிடையாது என்பதால் மெதுவாக நீந்துபவர்கள் தயங்கத் தேவையில்லை. பள்ளிகளை விலையை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு பயிற்றுநரிடம் எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். நான்கு பேர் உள்ள குழுவுக்கும் எட்டுப் பேர் உள்ள குழுவுக்கும் இடையே உள்ள வேறுபாடு, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து பதற்றப்படும் அந்த முதல் நாளில் விளங்கும்.

முகமூடியும் சுவாசக்குழாயும் மட்டும் வைத்துக்கொண்டு கரையோரம் நீந்துபவர்கள் அறிய வேண்டிய மீன் ஒன்று உண்டு. டைட்டன் டிரிகர் மீன் முட்டையிட்ட காலத்தில் தன் கூட்டை மூர்க்கமாகக் காக்கும். துரத்தி வந்து கடிக்கும், அந்தப் பற்கள் பவளத்தையே உடைப்பவை. அது காக்கும் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும் புனல் வடிவில் இருக்கும் என்று பயிற்றுநர்கள் சொல்வார்கள். ஆகவே பயத்தில் மேலே எழும்பினால் அந்த எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். துடுப்புச் செருப்பை மீனின் பக்கம் நீட்டியபடி பக்கவாட்டில் விலகுங்கள். கடற்கரைகளில் வினிகர் பாட்டில் மாட்டிய கம்பங்களைக் கண்டால் அவை எங்கே உள்ளன என்று மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி ஜெல்லிமீன் இந்த வளைகுடாவில் அரிது, ஆனால் உயிரைப் பறிக்கக்கூடியது. கொட்டிய இடத்தைத் தேய்க்காமல், நல்ல தண்ணீரில் கழுவாமல், வினிகரை ஊற்றி உடனே மருத்துவ உதவி தேட வேண்டும்.

ஸ்கூட்டர் விஷயத்தில் என் கருத்து கறாரானது: வண்டி ஓட்டுவதில் கை தேர்ந்தவராக இல்லாவிட்டால் இந்தத் தீவில் எடுக்காதீர்கள். சாய்ரீயில் மாலை நேரத்தில் உட்கார்ந்துகொண்டு, நடந்து போகிறவர்களின் கால்களைக் கவனித்தால் காரணம் தெரியும். முழங்காலில் கட்டு, முழங்கையில் கட்டு, வலது கெண்டைக்காலின் உள்பக்கம் முட்டை வடிவில் சிவந்த தீக்காயம். சைலென்சர் வலப்பக்கம் இருப்பதால், வண்டியிலிருந்து வலப்பக்கமாக இறங்குகிறவர்கள் வாங்கும் சூடு அது. காயம் ஆறும்வரை கடலில் இறங்க முடியாது. அந்தப் புண்ணால், தீவுக்கு வந்த காரியமே கெட்டுவிடும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான முத்திரை இல்லையென்றால், பயணக் காப்பீடு இருந்தும் நிறுவனம் பணம் தர மறுக்கலாம். அடமானமாகக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். வண்டியைத் திருப்பும்போது ஏற்கெனவே இருந்த கீறலுக்குப் பெரிய தொகை கேட்டு, கடவுச்சீட்டைத் தராமல் இழுத்தடிப்பது இங்கே பழைய தந்திரம். பணத்தை முன்வைப்பாக ஏற்கும் கடையைத் தேடுங்கள், சக்கர வளையம் உட்பட வண்டி முழுவதையும் கடைக்காரர் கண்முன்னேயே வீடியோ எடுங்கள். கிழக்குக் குடாக்களைப் பார்க்க ஸ்கூட்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. தீவைச் சுற்றிக் காட்டும் பகல்படகில் பல குடாக்களையும், மணல்திட்டால் இணைந்த மூன்று குட்டித் தீவுகளான நாங் யுவானையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். நாங் யுவானில் நெகிழிப் புட்டிகளை அனுமதிப்பதில்லை, நுழைவுக் கட்டணமும் தனி.

பணத்தைப் பொறுத்தவரை, வெளிநாட்டு அட்டைக்கு ஏடிஎம் ஒவ்வொரு முறையும் பொதுவாக 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிக்கிறது. சிறு தொகையாகப் பலமுறை எடுப்பது வீண். உங்கள் நாட்டு நாணயத்திலேயே கணக்கிட்டுத் தரட்டுமா என்று இயந்திரம் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும்.

சாப்பாட்டில் சைவர்களுக்கு ஒரு சிக்கல். காய்கறி மட்டும் போட்ட உணவிலும் மீன் சாறும் சிப்பிச் சாறும் இயல்பாகச் சேர்ந்துவிடும், பப்பாளிச் சாலட்டில் காய்ந்த இறாலும் இருக்கும். ‘ஜே’ என்று சொன்னால் விலங்குப் பொருள் எதுவும் சேர்க்காத உணவு என்று புரிந்துகொள்வார்கள். அதில் பூண்டும் வெங்காயமும்கூட இராது. காரம் பழகியவர்கள் வீம்புக்காக உள்ளூர்க்காரர்களுக்குப் போடுவது போலவே போடுங்கள் என்று கேட்க வேண்டாம். தாய்லாந்தின் தென்பகுதிச் சமையல் அந்த நாட்டுக்காரர்களுக்கே காரமானது.

எப்போது போவது என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். தாய்லாந்தின் மழைக்காலம் என்று பொதுவாகச் சொல்லப்படும் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்கள், நாட்டின் மேற்கே உள்ள அந்தமான் கடற்கரை உட்படப் பெரும்பகுதிக்குப் பொருந்தும், இந்தத் தீவுக்குப் பொருந்தாது. கோ தாவில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் நவம்பரில் கொட்டும். அலை பெரிதானால் படகுகள் நின்றுவிடும். பௌர்ணமியையும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தீவான கோ பாங்கனில் ஹாட் ரின் கடற்கரையில் முழுநிலவுக் கொண்டாட்டம் முடிந்ததும் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி அப்படியே கோ தாவுக்கு வந்து இறங்கும். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு வந்தால் அறை எளிதாகக் கிடைக்கும்.

பாங்காக்கிலிருந்து வர, க்ருங் தேப் அபிவத் நிலையத்தில் இரவு ரயில் ஏறி விடியலில், கோ தாவுக்குப் படகு கிளம்பும் சும்போன் நகரில் இறங்கிக் காலைப் படகைப் பிடிப்பது எனக்குப் பிடித்த வழி. கீழ்ப்படுக்கை அகலமானது, சற்றே விலை கூடியது, அந்த விலைக்குத் தகும். இரவுப் பேருந்தில் வந்தால் பணமும் மின்னணுப் பொருட்களும் மடியில் இருக்கட்டும். வண்டியின் அடியில் வைக்கும் பைகளைத் துழாவும் திருட்டு பற்றி அடிக்கடி கேள்விப்படுகிறோம். தாய்லாந்துக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும் என்ற விதி 2025 மே முதல் நடைமுறையில் உள்ளது. அது இலவசம், பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல.

திரும்பும் நாளை நெருக்கிப் போடாதீர்கள். பல முறை ஆழ்கடலில் இறங்கியவர்கள் கடைசி முறைக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்துள்ள நைட்ரஜன், விமானத்தின் குறைந்த காற்றழுத்தத்தில் குமிழ்களாகப் பிரிந்து ஆபத்தை உண்டாக்கும். படகும் தாமதமாகலாம். பன்னாட்டு விமானத்துக்கு முந்தைய இரவைப் பாங்காக்கிலோ சும்போனிலோ கழிக்கும்படி திட்டமிட்டு, படகுச் சீட்டைத் தீவில் இறங்கிய அன்றே மே ஹாட்டில் விசாரித்துவிடுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கோ பாங்கனுக்கான படகுகளே முதலில் நிரம்புகின்றன.