பெட் ஷாப் ட்ரெய்னிங் நாட்குறிப்பு, மே 2025

மே 5, திங்கள்

மீன் தொட்டிக்காக டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரில் இன்னும் குளோரின் வாடை போகவில்லை. கடைக்கார அண்ணாவைக் கூப்பிட்டேன். அவரும் குனிந்து முகர்ந்துவிட்டு, "இன்னொரு நாள் கெடக்கட்டும், மூடிய தொறந்து வை" என்றார். ஏர் பம்ப் கல்லை உள்ளே இறக்கி ஓடவிட்டேன். ஆன்டி குளோரின் சொட்டு விட்டால் உடனே சரியாகிவிடும், அதில் இருப்பது சோடியம் தயோசல்பேட்தான், ஆனால் இத்தனை பெரிய டிரம்முக்கு தினமும் அதை ஊற்றிக் கட்டுபடியாகாது.

கடைக்கு இரண்டு தண்ணீர் வருகிறது. ஒன்று ஒகேனக்கல் தண்ணீர், இன்னொன்று போர் தண்ணீர். போரில் குளோரின் கிடையாது, ஆனால் உப்பு. தொட்டிக் கண்ணாடியில் வெள்ளையாகக் கோடு கட்டிவிடும், சுரண்டினாலும் போகாது. கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் அந்தத் தண்ணீரில் நன்றாகவே இருக்கின்றன, குட்டிகூடப் போடுகின்றன. நியான் டெட்ராவுக்கு மென்மையான தண்ணீர் வேண்டும், அதை போரில் விட்டால் நிற்காது. இந்த ஊரில் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும், ஆனால் எல்லோரும் கலரைப் பார்த்து டெட்ராவைத்தான் கைகாட்டுகிறார்கள்.

ராத்திரி சாப்பிடும்போது இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள், வழக்கம்போலக் கையால் வாயை மூடிக்கொண்டு. அவள் பல்லெல்லாம் பழுப்புக் கறை. பாட்டிக்கு முட்டி மடங்காது, இடுப்பு நிமிராது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போனால் பல்லும் எலும்பும் கெடும். எங்கள் பக்கத்துக் கிணற்றிலும் போரிலும் வருஷக்கணக்காக அதைத்தான் குடித்திருக்கிறார்கள். ஒகேனக்கல் குடிநீர் வந்தது 2013இல்தான், அப்போது எனக்கு நான்கு வயது. மீனுக்கு எந்தத் தண்ணீர் என்று இவ்வளவு யோசிக்கிறோமே, அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுக்காக யார் யோசித்தார்கள் என்று நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

மே 6

சென்னை கொளத்தூரிலிருந்து இரவு பஸ்ஸில் போட்ட மீன் பார்சல் காலையில் வந்தது. ஒரு பை டெட்ரா முழுவதும் போய்விட்டது.

மே 7

மீன் வந்த பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட வேண்டும், கால் மணி நேரமாவது. உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடும் தொட்டியின் சூடும் ஒன்றாக வேண்டும். அப்புறம் பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட வேண்டும், கடைசியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டியில் விழவே கூடாது. ராத்திரி முழுக்க அடைபட்டு வந்த மீனின் கழிவெல்லாம் அதில்தான் இருக்கிறது. இன்றைக்கு இதை நானே செய்தேன், அண்ணா பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

மதியம் ஒரு அக்கா வந்து சத்தம் போட்டார். போன வாரம் வாங்கின தொட்டி, போன வாரம் வாங்கின மீன், எல்லாம் செத்துவிட்டதாம். "தெனமும் தண்ணிய சுத்தமா மாத்துறேன், ஃபில்டர சோப்பு போட்டு கழுவுறேன், இதுக்கு மேல என்ன பண்றது?" என்று கேட்டார். அவர் மேல் தப்பே இல்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மீன் கழிவில் வரும் அமோனியாவைத் தின்று மாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். அது வளர நாலைந்து வாரம் ஆகும். சோப்பு போட்டால் அத்தனையும் சாகும், தண்ணீரை முழுசாக மாற்றினால் மீனும் அதிர்ந்துபோகும். வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு மாற்றினால் போதும், ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசினால் போதும். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தொட்டியும் மீனும் ஒரே நாளில் விற்கக் கூடாது என்று அண்ணாவிடம் சொல்ல நினைத்தேன், கல்லாவில் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மே 8

பிளஸ் டூ ரிசல்ட். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து ஒரே கூட்டம். எங்களுக்கு, அதாவது பிளஸ் ஒன்னுக்கு, இன்னும் வரவில்லை.

லேப்ரடார் குட்டிகள் வந்தன. மூன்று. அட்டைப்பெட்டியில் காகிதச் சுருளுக்குள் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. ஒன்று கறுப்பு, இரண்டு சந்தனக் கலர், அதில் ஒன்றுக்கு முன்னங்கால் விரல்கள் மட்டும் வெளேர் என்று இருக்கின்றன. அண்ணா 45 நாள் என்றார். 2018இல் வந்த பெட் ஷாப் விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, நான் கேட்டேன். "கேக்குறவங்க எல்லாம் நாப்பது நாள் குட்டிதாம்மா கேக்குறாங்க, பெருசானா பழகாதுங்குறாங்க" என்றார். எனக்கு ஒப்பவில்லை. தாயிடம் இன்னும் பத்து நாள் இருந்தால் என்ன குறைந்துவிடும்? தடுப்பூசி அட்டையைக் கேட்டேன், பின்னால் அனுப்புவதாகச் சொன்னார்களாம்.

மே 9

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒருவர் பச்சைக்கிளிக் குஞ்சு கேட்டு வந்தார், பேரனுக்காம். இல்லை என்றார் அண்ணா. காசு அதிகமாகத் தருவதாகச் சொன்னார். அண்ணா எழுந்து நின்று, "அய்யா, அது 1972லயே சட்டம் போட்டாச்சு, விக்கிறதும் தப்பு, வீட்ல வெக்கிறதும் தப்பு" என்று சொல்லி, லவ் பேர்ட்ஸ் கூண்டைக் காட்டினார். அந்த நேரத்தில் அண்ணா மேல் எனக்கு ரொம்ப மரியாதை வந்தது. வந்தவர் லவ் பேர்ட்ஸ் ஒரு ஜோடியும் கூண்டும் வாங்கிக்கொண்டு போனார். தினை எவ்வளவு போடுவது, கடல் நுரை எதற்கு, கத்திரி வெயிலில் தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு வேளை மாற்ற வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். கடல் நுரையைக் கையில் வாங்கி இது கல்லா எலும்பா என்று கேட்டார். கணவாயின் உள் ஓடு, சுண்ணாம்புச் சத்து, அலகைத் தீட்டிக்கொள்ளவும் ஆகும் என்றேன்.

வெள்ளை விரல் குட்டி என் துப்பட்டா நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறது.

மே 10

கரண்ட் இல்லை, இரண்டு மணி நேரம். சூடான தண்ணீரில் ஆக்சிஜனே குறைவு, அதில் பம்பும் நின்றுவிட்டால் கோல்டு ஃபிஷ் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஐஸ் பாட்டிலை மிதக்கவிட்டு, மக்கில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். ஃபைட்டர் மீன்கள் மட்டும் சும்மா இருந்தன. அவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கும்.

மே 12

கறுப்புக் குட்டி தீனியைத் தொடவில்லை. மூலையில் தலையைக் கவிழ்த்துப் படுத்திருந்தது. முதலில் மஞ்சள் நுரையாக வாந்தி. பத்து மணிக்குப் பேதி, ரத்தத்தோடு, அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அண்ணா பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து பைக்கை எடுத்தார். நான் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன், நான்கு ரோடு சிக்னலில் நிற்கும்போது அதன் நெஞ்சு என் கையில் படபடவென்று அடித்தது.

டாக்டர் கிட்டில் சோதித்தார். இரண்டு கோடு விழுந்தது. பார்வோ, நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்குகிற வைரஸ்.

"இதுக்குன்னு தனியா மருந்து கெடையாதும்மா. தண்ணி வத்தாம டிரிப்ஸ் ஏத்தணும், வாந்திய நிறுத்தணும், வேற கிருமி சேராம ஊசி போடணும். மிச்சத்த அதோட உடம்பு பாத்துக்கணும்" என்றார். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி குறைந்து, தடுப்பூசி இன்னும் வேலை செய்யாத அந்த இடைவெளியில்தான் இது பிடிக்குமாம். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு ஊசி என்று பதினாறு வாரம் வரை போட வேண்டும் என்கிறார்கள். மற்ற இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை. அவற்றைப் பற்றிக் கேட்டதற்கு டாக்டர், "பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மே 13

பினாயில் ஊற்றினால் இந்தக் கிருமி சாகாது, டெட்டாலுக்கும் சாகாது, தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ப்ளீச்சிங் பவுடர்தான். ஆனால் அழுக்கின் மேலேயே ப்ளீச்சிங் ஊற்றினால் வேலை செய்யாது, முதலில் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம் ஊற்றி, பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். கூண்டு, தட்டு, தரை, ஷட்டர் படி, பைக் ஃபுட்ரெஸ்ட் வரைக்கும் கழுவினோம். மீன் தொட்டிகளின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிட்டுத்தான் ஆரம்பித்தோம், ஒரு சொட்டு தெறித்தாலும் அங்கே வேறு கதை ஆகிவிடும். கண் எரிகிறது.

எனக்கு ஒரே யோசனை தெரு நாய் வெள்ளச்சி மேல்தான். எங்கள் தெருவில் ரேஷன் கடைத் திண்ணைக்குக் கீழே ஐந்து குட்டி போட்டிருக்கிறாள், நான் நல்லம்பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால் வால் ஆட்டிக்கொண்டு கூடவே வருவாள், குட்டிகளும் காலைச் சுற்றும். என் செருப்பில், என் பாவாடை ஓரத்தில் அது இருந்தால்? இன்றைக்குச் செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வேறு செருப்பு போட்டுக்கொண்டேன், துணியைக் கடையில் மாற்றிப் பையில் கட்டிக்கொண்டு வந்தேன், தெருவைச் சுற்றிப் பின்பக்கமாக வீட்டுக்குள் வந்தேன். வெள்ளச்சி தூரத்திலேயே என்னைப் பார்த்து எழுந்தாள், போ என்று விரட்டினேன், நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். துணியை வெந்நீரில் ப்ளீச்சிங் போட்டு ஊறவைத்திருக்கிறேன், நீலச் சுடிதார் வெளுத்தால் வெளுக்கட்டும்.

பாட்டி, "நம்ம ஆட்டுக்கு வருமா?" என்று கேட்டாள். வராது. மனுஷனுக்கும் இந்த நாய்ப் பார்வோ வராது. பாட்டி நம்பவில்லை, ஆடுகளை இரண்டு வீடு தள்ளிக் கட்டிவிட்டு வந்தாள், அந்த முட்டியோடு.

மே 14

டிரிப்ஸ் இறங்குகிறது. வாந்தி நிற்கவில்லை.

மே 15

அப்பா பெங்களூரிலிருந்து போன் செய்தார். ரிசல்ட் நாளைக்குத்தானே என்றார். ஆமாம் என்றேன். வேறு பேச எனக்கு வரவில்லை.

சந்தனக் குட்டி காலையில் பாதித் தீனிதான் தின்றது. வெயிலுக்காகவும் இருக்கலாம். வெள்ளை விரல் முழுவதும் தின்றது, பக்கத்துத் தட்டில் மிச்சம் இருந்ததையும் தின்னப் போனது, தட்டைப் பிடுங்கினேன்.

மே 16

484. வேளாண் அறிவியலில் 91.

மதியம் ரிசல்ட் பார்த்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கறுப்பு எழுந்து நின்றிருந்தது! கால் நடுங்குகிறது, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, ஆனால் நின்றது, கிண்ணத்தில் தண்ணீரை நக்கியது, அது வயிற்றிலேயே தங்கியது. அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அப்புறம்தான் அம்மாவுக்குப் போன் செய்து மார்க் சொன்னேன்.

மே 17

சந்தனக் குட்டிக்கும் இரண்டு கோடு.

மே 18, ஞாயிறு

லீவுதான், ஆனாலும் போனேன். குட்டி அனுப்பியவருக்கு அண்ணா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். தாய்க்கு ஊசி போட்டிருக்கிறீர்களா, கூட்டத்தில் வேறு குட்டி செத்திருக்கிறதா என்று கேட்டார். அந்த ஆள் அதற்குப் பதிலே சொல்லவில்லை, "வேணும்னா அடுத்த ஈத்துல ரெண்டு கம்மி வெலைக்குத் தர்றேன்" என்றார். அண்ணா போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வெள்ளை போர்டை எடுத்து வரச் சொல்லி என்னை எழுதச் சொன்னார்: எட்டு வாரத்துக்குக் கீழே குட்டி கிடையாது, ஊசி அட்டை இல்லாமல் குட்டி கிடையாது. அதற்குக் கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன், தொட்டி வாங்கி ஒரு மாதம் கழித்தே நிறைய மீன் விட வேண்டும் என்று. அவர் படித்துப் பார்த்தார், அழிக்கச் சொல்லவில்லை.

வெள்ளச்சியின் குட்டிகளில் ஒன்றைக் காணோம். பாட்டி, யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், பார்த்தேன் என்கிறாள். யார் என்று கேட்டால் தெரியவில்லை. ஐந்து முறையாவது கேட்டிருப்பேன், நல்லாத்தான் ஓடிச்சு, நல்லாத்தான் ஓடிச்சு என்கிறாள்.

மே 19

சந்தனக் குட்டி விடியற்காலையில் போய்விட்டது.

மே 20

வெள்ளை விரலுக்கு இன்றைக்கு 57 நாள். நன்றாகத் தின்கிறது, காய்ச்சல் இல்லை, கிட்டில் ஒரு கோடுதான். ஆனாலும் இரண்டு வாரமாவது பார்த்துவிடலாம் என்றார் டாக்டர்.

பாலக்கோட்டிலிருந்து அட்வான்ஸ் கொடுத்தவர் வந்துவிட்டார், குழந்தையையும் கூட்டிக்கொண்டு. இன்றைக்கே வேண்டும் என்றார். அண்ணா விஷயத்தைச் சொன்னார், அதற்கு அவர், "இதுதான் நல்லா இருக்குதே, குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். குழந்தை கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. இதற்கு முன்னால் வீட்டில் நாய் இருந்ததா என்று நான் கேட்டேன். இருந்ததாம், தீபாவளிக்கு முன்னால் வாங்கின குட்டி, பொங்கலுக்குள் செத்துவிட்டதாம். எப்படி என்று கேட்டேன். வாந்தி, ரத்தமாகப் போனது என்றார். எங்கே கட்டியிருந்தீர்கள்? மாமரத்தடியில். இதை எங்கே கட்டுவீர்கள்? அங்கேதான், நிழல் இருக்கிறதே என்றார்.

எனக்குக் கை நடுங்கியது, ஆனாலும் சொன்னேன். அந்த மண்ணில் இன்னும் கிருமி இருக்கும் சார், நிழலில் வெயில் படாத மண்ணில் ஒரு வருஷம்கூட இருக்கும், ஊசி எல்லாம் முடிகிற வரைக்கும் அங்கே எந்தக் குட்டியையும் விடாதீர்கள் என்று. "நீ யாரும்மா, டாக்டரா?" என்றார். ட்ரெய்னிங்குக்கு வந்திருக்கிறேன், பிளஸ் டூ போகப்போகிறேன் என்றேன். அவர் அண்ணாவைப் பார்த்தார். இந்த மாதம் கறுப்புக் குட்டியின் ஆஸ்பத்திரிச் செலவு, செத்த குட்டியின் காசு, ப்ளீச்சிங், எல்லாம் அண்ணாவுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், நான்தான் நோட்டில் எழுதுகிறேன்.

அண்ணா கல்லாவைத் திறந்து அட்வான்ஸ் காசை எண்ணிக் கொடுத்தார். "பதினாறு வாரம் ஆவட்டும் சார், அட்டையோட வந்து எடுத்துட்டுப் போங்க, வெல அதேதான்" என்றார். அவர் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். குழந்தை அழுதது.

வியாழக்கிழமை கறுப்பை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடைக்குக் கொண்டு வர முடியாது, இன்னும் சில வாரத்துக்கு அதன் கழிவில் கிருமி போகும். எங்கே வைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. அண்ணா மொட்டை மாடி என்கிறார், அங்கே வெயில்.