மூழ்கியெழுந்த வெஸ்ட் வர்ஜீனியா

பேர்ல் ஹார்பர் என்றதும் வெடித்துச் சிதறிய அரிசோனா போர்க்கப்பலைப் பற்றித்தான் பலரும் பேசுவார்கள். என் மனம் என்னவோ, அதே வரிசையில் நின்ற வெஸ்ட் வர்ஜீனியா என்ற போர்க்கப்பலின் பக்கமே போகிறது.

1941 டிசம்பர் 7 அன்று காலை, ஹவாயிலிருந்த இந்த அமெரிக்கக் கடற்படைத் தளத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது, கப்பலின் இடப்புறத்தை நீருக்குள் பாய்ந்து வரும் டார்பிடோ குண்டுகள் அடுத்தடுத்துத் துளைத்தன. கப்பல் சாயத் தொடங்கியபோது, மறுபக்கத்து அறைகளில் வேண்டுமென்றே நீரை நிரப்பிச் சாய்வைக் குறைத்தார்கள். அதனால், முன்னால் நின்ற ஓக்லஹோமாவைப் போலக் கவிழாமல், நிமிர்ந்தபடியே அது மூழ்கித் தரைதட்டியது. கேப்டன் பெனியன் உட்பட 106 பேர் இறந்தனர்.

1942 மே மாதம் கப்பலை மிதக்க வைத்து உள்ளே சென்றவர்கள், நீர் புகாத ஓர் அறையில் மூன்று மாலுமிகளின் உடல்களைக் கண்டார்கள். அங்கிருந்த நாட்காட்டியில் டிசம்பர் 7 முதல் 23 வரை, ஒவ்வொரு நாளும் கோடிட்டு அடிக்கப்பட்டிருந்தது. இதைப் படித்த நாளில் மேற்கொண்டு எதையும் படிக்க முடியவில்லை.

சேதம் பெரிதென்பதால் அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கப்பல் தளத்தில் அதை ஏறக்குறைய புதிதாகவே கட்டினார்கள். 1944 ஜூலையில்தான் பணிக்குத் திரும்பியது. அந்தத் தாமதமே அதற்குச் சாதகமாயிற்று என்பது என் கருத்து. அக்டோபர் 25 அதிகாலையில், பிலிப்பைன்ஸின் சுரிகாவோ நீரிணையில் ஜப்பானின் யமாஷிரோ போர்க்கப்பல் இருளில் முன்னேறியபோது, அங்கே அணிவகுத்திருந்த ஆறு அமெரிக்கப் போர்க்கப்பல்களில் வெஸ்ட் வர்ஜீனியா, டென்னஸி, கலிபோர்னியா ஆகிய மூன்றில்தான் குறிபார்க்கும் புதிய ரேடார் இருந்தது. மூன்றுமே முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டவை. அந்த ஆறில் முதலில் சுட்டது வெஸ்ட் வர்ஜீனியாதான். ஏறத்தாழ 21 கி.மீ. தொலைவிலிருந்து, 16 அங்குலக் குண்டுகள் மொத்தம் 93. பேர்ல் ஹார்பரில் அதிக அடிபடாததால் விரைவிலேயே பணிக்குத் திரும்பியிருந்த மேரிலாண்ட், இதன் குண்டுகள் கிளப்பிய நீர்த்தூண்களைக் கொண்டே தூரத்தைக் கணித்தது. அதைப்போலவே சிறு சேதத்தோடு தப்பியிருந்த பென்சில்வேனியாவோ, இலக்கைப் பிடிக்க முடியாமல் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

பிறகு ஐவோ ஜிமா, ஒகினாவா ஆகிய ஜப்பானியத் தீவுகளில் நடந்த போர்கள். 1945 ஏப்ரல் 1 அன்று காமிகாசே எனப்படும் ஜப்பானியத் தற்கொலைத் தாக்குதல் விமானம் ஒன்று மோதி நால்வர் மாண்டனர். ஆயினும் கப்பல் களத்தை விட்டு அகலவில்லை. செப்டம்பர் 2-இல் மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஜப்பான் சரணடைவில் கையெழுத்திட்டபோது, இதுவும் டோக்கியோ விரிகுடாவில் நின்றது. அந்தச் சடங்கில் வாசிக்க, இதன் இசைக்குழுவிலிருந்து ஐந்து பேரை மிசௌரிக்கு அனுப்பியிருந்தார்கள்.