ஹை டனலுக்கு கவர்மென்ட் காசு வாங்கின கதை

அமெரிக்காவுல, டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின்ல இருந்து ஒரு மணி நேரம் தள்ளி 11 ஏக்கர் வாங்கினோம், நட்ட முருங்கை எல்லாம் முதல் குளிர்லயே கருகிப்போச்சு. அப்பதான் ஹை டனல் பத்தி கேள்விப்பட்டேன், இரும்பு வளைவு நட்டு மேல பிளாஸ்டிக் ஷீட் போர்த்துற கூடாரம், அதுக்கு அமெரிக்க விவசாயத்துறையோட ஈக்விப் திட்டத்துல காசு தர்றாங்க.

நேரா மண், தண்ணி பாதுகாப்பு பாக்குற என்.ஆர்.சி.எஸ். கவுன்டருக்கு போனேன். "ஃபார்ம் நம்பர் இருக்கா?"ன்னாங்க. முழிச்சேன். அதே பில்டிங்ல எஃப்.எஸ்.ஏ.ன்னு இன்னொரு பிரிவு, அங்க பத்திரத்த காட்டி நிலத்த பதிஞ்சு அந்த நம்பர வாங்கிட்டு வரணுமாம். கூடவே ஏடி 1026, அதாவது சீக்கிரம் அரிச்சுப்போற மண்ணையும் ஈரநிலத்தையும் கெடுக்க மாட்டேன்னு எழுதித் தர்ற ஃபாரம், அப்புறம் சராசரி வருமானம் வருஷத்துக்கு 9 லட்சம் டாலருக்கு மேல இல்லைன்னு ஒண்ணு, இதுல மட்டும் யோசிக்காம கையெழுத்து போட்டேன்!

அப்புறம் என்.ஆர்.சி.எஸ்.ல இருந்து ஒரு அம்மா நிலத்த பாக்க வந்தாங்க. ஆகர்ங்கிற துளை போடுற கருவி வச்சு மண்ண எடுத்து, தண்ணி தெளிச்சு பிசைஞ்சு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ரிப்பன் மாதிரி நீட்டினாங்க, அது பாட்டுக்கு அறுபடாம நீளுது. நல்ல களிமண்ணு, எங்க ஊர் கரிசல் மாதிரியே தான். வெறும் மண்ணுலதான் பயிர் வைக்கணும், தொட்டில வச்சா செல்லாது, டிராக்டர் நிறுத்துறதெல்லாம் கூடவே கூடாதுன்னு சொன்னவங்க கிளம்பும்போது சாதாரணமா ஒண்ணு கேட்டாங்க, "இன்னும் வேலை ஆரம்பிக்கலையே?"

கான்ட்ராக்ட் கையெழுத்தாகுறதுக்கு முன்னாடி ஒரு குழி தோண்டினாலும் காசு கிடைக்காம போயிடுமாம். நான் மறுநாள் குழி போட ஆள் சொல்லி 200 டாலர் அட்வான்சும் குடுத்து வச்சிருந்தேன். கேன்சல் பண்ணேன், அட்வான்ஸ் போனது போனதுதான், ஆனா அந்த கேள்வி மட்டும் வரலன்னா மொத்தமும் போயிருக்கும்.

செப்டம்பர்ல அப்ளிகேஷன் போட்டேன், கட்-ஆஃப் தேதி வரைக்கும் வந்த அப்ளிகேஷன் எல்லாத்துக்கும் மார்க் போட்டு வரிசைப்படுத்தி கான்ட்ராக்ட் வரும்போது மே ஆயிடுச்சு. நம்ம பில்லுல இத்தனை பர்சென்ட்னு இல்ல, சதுர அடிக்கு இவ்வளவுன்னு அவங்க வச்ச ரேட் தான். விவசாயத்துக்கு வந்து 10 வருஷம் ஆகலன்னா ரேட் கூட, பாதி காசு முன்பணமாவும் கேட்டு வாங்கலாம், ஆனா அத 90 நாளுக்குள்ள செலவு பண்ணியாகணும். அங்கதான் மாட்டினேன், ஷீட் போர்த்த காத்து இல்லாத நாள் வேணும், டெக்சாஸ்ல அது கிடைக்கவே இல்ல, கடைசில ஒரு நாள் விடியக்காலை 5 மணிக்கு நாலு ஃப்ரெண்ட்ஸ எழுப்பி கூட்டிட்டு வந்து இழுத்து கட்டினோம்.

டேப் வச்சு அளந்து பாத்துட்டு மீதிய பேங்க்ல போட்டாங்க. ஜனவரில 1099-ஜி, அதாவது கவர்மென்ட் குடுத்த காசுக்கான வரி ஃபாரம், வந்து நிக்குது, வரிக்கணக்குல இதையும் காட்டணுமாம்.