பாஸ்பேட் நாட்கள்

மார்ச் 4, செவ்வாய்
அம்மாவின் ரத்தத்தில் பாஸ்பேட் 2.3. போன மாதம் 1.9. தாதி தாளை அம்மாவிடம் காட்டாமல் என்னிடம் நீட்டினார்.

மார்ச் 5
தாழ்வாரத்துக் கறிவேப்பிலைக்கு வாங்கிய உரப் பாக்கெட்டை இன்றுதான் முழுக்கப் படித்தேன். 12-61-0, அதாவது தழை, மணி, சாம்பல் சத்துகளின் விழுக்காடு. மோனோ அம்மோனியம் பாஸ்பேட். அந்த 61 பாஸ்பரஸின் அளவு இல்லை, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்குப் போட்ட எண். 0.44ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 27 விழுக்காடு. செடி இது இல்லாமல் வேர் பிடிக்காது. அம்மாவின் உடம்பிலிருந்து இது வெளியேற மாட்டேன் என்கிறது. இந்த உரத்தைச் சுத்தமான படிகமாக்கி, கண்ணால் பார்க்க வேண்டும்.

மார்ச் 6
அம்மாவுக்கு டயாலிசிஸ், நாலு மணி நேரம் நாற்காலியில். இயந்திரம் ரத்தத்தில் ஓடுவதை மட்டும்தான் வடிகட்டுகிறது. பாஸ்பேட்டின் பெரும்பங்கு எலும்பிலும் செல்களுக்குள்ளும் கிடக்கிறது. அங்கிருந்து மெதுவாகக் கசிந்து வரும். ஊசியைக் கழற்றிய சில மணி நேரத்தில் ரத்தத்தில் மறுபடி ஏறிவிடும். அப்படியானால் இத்தனை வலியும் எதற்கு? இரவு முழுக்க இதே கேள்வி.

மார்ச் 8
காய்ச்சி வடித்த நீரைச் சூடாக்கி உரத்தைக் கரைத்தேன். சமையல் பாத்திரம் எதையும் தொடவில்லை, தனிக் கண்ணாடிக் குவளை. 20 டிகிரியில் 100 மில்லி நீர் 37 கிராம் அளவுக்குத்தான் கரைக்கும், சுடுநீர் அதைப்போல இரு மடங்குக்கும் மேல். அடியில் பழுப்பு வண்டல் நின்றது. இரும்பு, அலுமினிய பாஸ்பேட்டாக இருக்க வேண்டும். காப்பி வடிதாளில் ஊற்றினேன், தெளிந்து இறங்கியது.

அக்கா போனில், "இந்த நேரத்துல இதெல்லாம் தேவையாடா?" என்றாள். தேவைதான்.

மார்ச் 9
குவளையில் படிகம் ஊசி ஊசியாக இறங்கியிருக்கிறது.

மார்ச் 10
ஊசிகளைக் கழுவி மறுபடி கரைத்து, இந்த முறை குவளையைத் துண்டில் சுற்றித் தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்தேன். இந்த ஊர் ஈரக்காற்றில் ஆவியாக விட்டால் யுகமாகும், மெல்லக் குளிரவிடுவதுதான் வழி. காலையில் நாலு பக்கப் பட்டகங்கள், முனையில் கூம்பு. சில மட்டும் நுனி ஒடுங்கி இருக்கின்றன. இரும்பு கொஞ்சம் தங்கினாலே இப்படி ஒடுங்குமாம். இன்னொரு முறை கரைக்க வேண்டும்.

மார்ச் 12
காப்பிக்கடையில் அம்மா கோலா ஒரு வாய் கேட்டார். கொடுக்கவில்லை. புட்டியில் சேர்பொருள் எண் 338 என்று இருந்தது. அது பாஸ்பாரிக் அமிலம். 339, 450, 451, 452 எல்லாம் பாஸ்பேட் உப்புகள். சாசேஜில், சீஸில், உறைந்த கோழியில், எங்கே பார்த்தாலும் இந்த எண்கள்.

ஆலையில் பாஸ்பேட் பாறையோடு கந்தக அமிலத்தைச் சேர்த்துதான் அந்த அமிலத்தை எடுக்கிறார்கள், ஜிப்சம் ஒதுங்கிவிடும். சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டின் அடுப்படியில் கந்தக அமிலத்துக்கு இடமே இல்லை. என் உப்புக் கரைசலை அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே விட்டால் அம்மோனியம் அதில் மாட்டிக்கொண்டு அமிலம் கீழே இறங்கும். அழகான வழி. ஆனால் அமிலம் எனக்கு வேண்டாம். அதைப் பார்க்க முடியாது, தண்ணீர் மாதிரி இருக்கும்.

கிறிஸ்மஸ் தீவு 1958 வரை சிங்கப்பூர் ஆட்சியில் இருந்தது. அங்கே வெட்டியதும் பாஸ்பேட் பாறைதான்.

மார்ச் 13
அம்மா மாத்திரையைச் சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுகிறார்! இன்றுதான் பார்த்தேன். அது வயிற்றில் சோற்றோடு கலந்து பாஸ்பேட்டைப் பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டிய மாத்திரை. கோபப்பட்டுக் கத்திவிட்டேன். "பசியே இல்லை, அதுல இது வேறயாப்பா" என்றார். அப்புறம் பேச்சே இல்லை.

மார்ச் 15
பாதியில் ரத்த அழுத்தம் இறங்கியது. இயந்திரத்திலிருந்து சீக்கிரமே எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 16
மூன்றாம் முறை கரைத்ததில் நுனி ஒடுங்கவில்லை. நீளமாக, கண்ணாடியாக. அம்மா வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவா எனக்குள்ள இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ராத்திரி முதல் கவளத்தோடு மாத்திரையைப் போட்டார்.

மார்ச் 17
நெத்திலியிலும் பாஸ்பேட்தான்; டப்பாவை அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். நாளை ரத்தம் எடுக்கிறார்கள்.