விக்கெட் கட்டையோடு போன இரவு

தம்பி ஐஸ் என்ற போதைப்பொருள் பாவிக்கிறான் என்று தெரிந்த அன்று சினிமாக் கதாநாயகன் எனக்குள் இறங்கிவிட்டான். விக்கெட் கட்டையைச் சைக்கிளில் சொருகிக்கொண்டு திருகோணமலை டச்பே கடற்கரைக்குப் போனேன். விற்பவனை நொறுக்கினால் எல்லாம் சரி, அதுதான் திட்டம்.

அங்கே நின்றது ஒரு பெடியன். கன்னம் ஒட்டி, பல்லை நறநறவென்று கடித்தபடி. "அண்ணே, உங்கட தம்பியும் நானும் ஒரே டியூசன்" என்றான். தன் பங்குக்குக் காசு தேடத்தான் அவனும் விற்கிறான். இவனை அடித்தால் நாளைக்கு இன்னொருவன் நிற்பான். (இது கூடத் தெரியாமலா வீரம் காட்டப் போனேன்!)

வீட்டுக்கு வந்தால் தம்பிக்கு மூன்றாம் நாளாக நித்திரை இல்லை. கூரையில் யாரோ நடக்கிறார்களாம். ஐஸ் அப்படித்தான், நித்திரையைத் தின்று சந்தேகத்தை வளர்க்கும்.

காலையில் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். அப்புறம் 1927க்கு அழைத்தேன், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம்.

இன்று பத்தாவது நாள். தூங்குகிறான், எழும்பினால் பசி என்கிறான். பின்னேரம் பிரெட்ரிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அங்கே திரியும் மானுக்கு வாழைப்பழத் தோல் நீட்டினான். கை இன்னும் நடுங்குகிறது. மான் கையைப் பார்க்கவில்லை, தோலைத்தான் பார்த்தது.