ஒரு மணி நேரம் முன்னால்

எங்கள் வீட்டில் யாராவது வானிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். "இங்க வெயில் கொளுத்துதுக்கா" என்று திருச்சியிலிருந்து தம்பி தொடங்கினால், அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். நானும் சளைத்தவள் இல்லை. டொரொண்டோ வந்த இந்த எட்டு மாதத்தில் அவனிடம் பனியைப் பற்றிப் பேசியதை எழுதினால் ஒரு நாவல் தேறும்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு வீடியோ கால். அங்கே மாலை ஏழரை. அதற்குள் வீட்டை ஒழுங்குபடுத்தி, சொல்ல வேண்டியது எது, கூடாதது எது என்று தம்பி எல்லோருக்கும் பாடம் எடுத்திருப்பான்.

மார்ச் மாதம் அதில் மண் விழுந்தது. இரண்டாம் ஞாயிறு அதிகாலை இரண்டு மணியை இங்கே மூன்று மணி ஆக்கிவிடுகிறார்கள்; நவம்பர் முதல் ஞாயிறு வரை அப்படியே ஓடும். இந்த வழக்கத்தை நிறுத்த, டொரொண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணம் 2020இலேயே சட்டம் போட்டுவிட்டது. ஆனால் பக்கத்தில் இருக்கும் நியூயார்க்கும் கியூபெக்கும் நிறுத்தினால்தான் தானும் நிறுத்துமாம். கைபேசி தானாக மாறிக்கொண்டது, எனக்குத்தான் உறைக்கவில்லை. பத்தரை மணி வித்தியாசம் ஒன்பதரை ஆனது தெரியாமல் கூப்பிட்டேன். அங்கே ஆறரைதான்.

தம்பி மனைவி எடுத்தாள். பின்னால் அம்மா நாற்காலியில் தலையைச் சாய்த்திருக்கிறாள். கறுப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கிறது. தம்பி குனிந்து, வலது கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துச் சொட்டு மருந்து விடப் போகிறான். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"அக்கா... இன்னைக்கு இங்க செம வெயில்."

வியாழக்கிழமை கண்புரை ஆபரேஷன். லென்ஸ் வைத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஏழரைக்குக் கண்ணாடியைக் கழற்றி உட்கார வைப்பதாகத் திட்டம். எனக்கு வந்த கோபத்தில் ஐந்து நிமிடம் மூச்சு விடாமல் கத்தினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, உன் இடது கை எங்கடி? ஒரு மாசமா ஒரு கையைத்தானே காட்டுறே" என்றாள்.

புதுக் கண் வேலை செய்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிப்ரவரியில் பஸ் நிறுத்தத்தில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல். பகலில் உருகும் பனி ராத்திரியில் கண்ணாடி மாதிரி உறைந்துவிடும், கீழே கிடப்பதே கண்ணுக்குத் தெரியாது. மாவுக்கட்டோடு கையைத் தூக்கிக் காட்டினேன். இப்போது கத்துவது தம்பியின் முறை.

அதற்கப்புறம் ஓர் ஒப்பந்தம்: முதலில் வீட்டுச் செய்தி, பிறகுதான் வானிலை.

ஏப்ரலில் கட்டைப் பிரித்தார்கள். தெருவோரப் பனி கரைந்து, குளிர்காலமெல்லாம் தொலைந்த ஒற்றைக் கையுறைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எட்டு டிகிரிக்கே இங்கே அரைக்கால் சட்டையில் கிளம்பிவிடுகிறார்கள். நான் இன்னும் குளிர்கோட்டைக் கழற்றவில்லை.

மே முதல் ஞாயிறு, ஹை பார்க்கிலிருந்தே கூப்பிட்டேன். 1959இல் டோக்கியோ மக்கள் இந்த நகரத்துக்குக் கொடுத்த செர்ரி மரங்கள் அங்கே இருக்கின்றன. இலை வருவதற்கு முன்பே கிளை முழுக்கப் பூத்துவிடும். ஒரு வாரம் நின்றால் பெரிது, ஒரு நல்ல காற்று அடித்தால் அதுவும் இல்லை. கூட்டத்துக்கு நடுவே கைபேசியைத் தூக்கிப் பிடித்தேன்.

அம்மா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அப்புறம் கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினாள். இரண்டு மூன்று தடவை இப்படியே.

"இந்தக் கண்ணுல வெள்ளையா இருக்கு. அந்தக் கண்ணுல பழைய வேட்டி மாதிரி மஞ்சளா இருக்கு. நெஜத்துல என்னடி கலரு?"

"வெள்ளைதாம்மா. லேசா ரோஸ்."

தம்பி பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்கா, இடது கண்ணுக்கு ஜூன்ல தேதி கேட்டிருக்கேன். இங்க வெயிலைப் பத்தி அப்புறம் சொல்றேன்."