எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்

நான் விமர்சகன் எல்லாம் இல்லை, படம் பிடித்ததா இல்லையா, அவ்வளவுதான். ‘கைதி’யில் (2019) பாட்டும் கிடையாது, கதாநாயகியும் கிடையாது, ஒரே ராத்திரியில் கதை முடிகிறது, கார்த்தி பிரியாணியை அள்ளி அள்ளித் தின்பதற்காகவே இன்னொரு முறை பார்ப்பேன். ‘96’ (2018) இழுவைதான். ஆனால் பள்ளி நாட்களில் எத்தனை முறை கேட்டும் பாடாத ‘யமுனை ஆற்றிலே’வை, கரண்ட் போன இருட்டில் ஜானு சட்டென்று பாட ஆரம்பித்ததும் ராம் பதறிக்கொண்டு ஓடி வருவானே, அங்கே நான் காலி. ‘சூப்பர் டீலக்ஸ்’ பாதி புரியவில்லை, அலுக்கவும் இல்லை. அப்புறம் ‘இந்தியன் 2’ (2024). 1996இல் வந்த முதல் படத்தின் மேல் இருந்த மரியாதைக்காகப் போனேன். மூன்று மணி நேரம் அறிவுரை கேட்டு எழுந்தால், மூன்றாம் பாகத்துக்கு டிரெய்லர் போடுகிறார்கள். ஆளை விடுங்கப்பா.